பிக்சல் கையாளுதலில் எதிர்பாராத விளைவுகள்: அறிகுறியிலிருந்து காரணத்தைக் கண்டறியும் வழிமுறை

கணக்கு மென்பொருளில் தவறான விடை வந்தால் அது தவறு என்பது உடனே தெரிந்துவிடும். பிக்சல்களை நேரடியாக மாற்றி அரூப டிஜிட்டல் ஓவியம் படைப்பவருக்கு அந்த வசதி கிடையாது. தவறான விடையும் அழகாக இருந்துவிடலாம். தற்செயலாகக் கிடைத்த அழகை ஏற்றுக்கொள்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாவிட்டால் அதை இன்னொரு படத்தில் வரவழைக்கவோ, சற்றுக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஆகவே கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறிக்கும் அதன் காரணத்தையும் நீக்கும் முறையையும் தந்திருக்கிறேன். வைத்துக்கொள்ளத் தக்க விளைவாக இருந்தால் அதை விரும்பியபோது வரவழைக்கும் முறையையும் சேர்த்திருக்கிறேன்.

தேடலைத் தொடங்கும் முன் ஒரு சோதனை அட்டையைத் தயாரித்துக்கொள்ளுங்கள். அகலம் 16 பிக்சல், உயரம் 12 பிக்சல் இருந்தால் போதும். நான்கு மூலைகளிலும் இரண்டுக்கு இரண்டு அளவில் சதுரங்கள் இருக்க வேண்டும்: மேல் இடது மூலையில் சிவப்பு, மேல் வலது மூலையில் பச்சை, கீழ் இடது மூலையில் நீலம், கீழ் வலது மூலையில் வெள்ளை. எஞ்சிய பரப்பில் இடமிருந்து வலமாக 0, 17, 34 என்று பதினேழு பதினேழாகக் கூடி 255 வரை செல்லும் சாம்பல் நிறப் படிகள் இருக்கட்டும். இதை பிஎன்ஜி வடிவில் சேமியுங்கள். அட்டையை வேண்டுமென்றே சதுரமாக வைக்கவில்லை, ஏனெனில் அகலமும் உயரமும் இடம் மாறிய பிழையைச் சதுரப் படம் மறைத்துவிடும். விளைவு புரியாதபோதெல்லாம் ஓவியத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதே நிரலை இந்த அட்டையின் மீது ஓட்டிப் பாருங்கள். 192 பிக்சல்களின் எண்களையும் அச்சிட்டுக் கண்ணால் படித்துவிடலாம் என்பதே இதன் பெரும் பயன்.

அறிகுறி: நிரல் பிழையின்றி ஓடுகிறது, திரையில் எந்த மாற்றமும் இல்லை

பெரும்பாலும் நீங்கள் மாற்றியது ஒரு நகலைத்தான். கலைப் படைப்புகளுக்கான நிரலாக்கக் கருவியான பிராசஸிங்கில் லோட்பிக்சல்ஸ் கட்டளைக்குப் பின் பிக்சல் அணியை, அதாவது பிக்சல் மதிப்புகளின் பட்டியலை, மாற்றிவிட்டு, அப்டேட்பிக்சல்ஸ் கட்டளையை அழைக்க மறந்தால் இதுதான் நடக்கும். உலாவியின் வரைபரப்பான கேன்வாஸில் கெட்இமேஜ்டேட்டா தருவதும் நகலே. புட்இமேஜ்டேட்டா வழியாக அதைத் திருப்பி எழுதும்வரை திரை மாறாது.

அறிகுறி: படம் சுருங்கி, திரையின் மேற்பகுதியில் இரண்டு பிரதிகளாகத் தெரிகிறது

இது அடர்த்தி மிகுந்த திரைகளில் மட்டும் தோன்றும். பி5 ஜேஎஸ் நூலகத்தில் திரையின் அடர்த்தி 2 எனில், நீங்கள் கேட்ட ஒரு பிக்சலுக்குப் பின்னால் உண்மையில் நான்கு பிக்சல்கள் இருக்கும். பிக்சல் அணியும் நான்கு மடங்கு நீளமாகிவிடும். நிரலோ பழைய அகலத்தை வைத்தே முகவரியைக் கணக்கிடும். அதனால் ஓவியத்தின் இரட்டைப்படை வரிகள் இடப்புறத்திலும் ஒற்றைப்படை வரிகள் வலப்புறத்திலுமாக விழுந்து, பாதி அகலமும் கால்வாசி உயரமும் கொண்ட இரண்டு நசுங்கிய பிரதிகள் அருகருகே தோன்றும். தொடக்கத்திலேயே பிக்சல்டென்சிட்டியை 1 என்று அமைத்துவிட்டால் இது நீங்கிவிடும்.

அறிகுறி: சிவப்பும் நீலமும் இடம் மாறியிருக்கின்றன, அல்லது படம் படுத்துக்கொண்டிருக்கிறது

ஓப்பன்சிவி நூலகம் படத்தை நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் படிக்கிறது. மற்ற பெரும்பாலான கருவிகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று எதிர்பார்க்கின்றன. இரண்டையும் ஒரே நிரலில் கலந்தால் அட்டையின் சிவப்பு மூலை நீலமாகிவிடும், ஆனால் பச்சை மாறாது. பச்சை மாறாமல் இருப்பதே இந்தப் பிழையின் அடையாளம். படம் அச்சு மாறிப் படுத்திருந்தால், பைத்தான் மொழியின் எண் அணி நூலகமான நம்பையில் முதலில் வருவது கிடைவரிசை எண், அதாவது உயரம், என்பதை மறந்து அகலத்தை முதலில் கொடுத்திருப்பீர்கள்.

அறிகுறி: படத்தின் மிக வெளிச்சமான இடங்களில் கறுப்புத் துளைகள் விழுகின்றன

நான் அதிகம் சந்தித்த அறிகுறி இதுதான். எட்டு பிட் எண்ணில் 0 முதல் 255 வரையான மதிப்புகளுக்கு மட்டுமே இடமுண்டு. 250 உடன் 10 ஐக் கூட்டினால் 260 வர வேண்டும். அதற்கு இடமில்லாததால் நம்பை 256 ஐக் கழித்து 4 ஐத் தருகிறது. பேரொளியாக இருக்க வேண்டிய பிக்சல் ஏறத்தாழக் கறுப்பாகிவிடுகிறது. சோதனை அட்டையின் பிரகாசத்தை 20 கூட்டிப் பாருங்கள். 221 உள்ள நெடுவரிசை 241 ஆகி ஒழுங்காக இருக்கும். அடுத்துள்ள 238 என்பது 2 ஆகவும், கடைசியில் உள்ள 255 என்பது 19 ஆகவும் விழுந்துவிடும். சாம்பல் படிகளில் வலது ஓரத்தில் மட்டும் இரண்டு கறுப்புப் பட்டைகள் நிற்கும்.

சராசரி எடுக்கும்போது இதே பிழை இன்னும் மறைவாக நுழைகிறது. 200, 100 ஆகிய இரண்டின் சராசரி 150. ஆனால் முதலில் கூட்டிப் பிறகு வகுத்தால், கூட்டுத்தொகை 300 என்பது 44 ஆகச் சுருங்கி, பாதியாக 22 தான் கிடைக்கும். தெளிவு குறைக்கும் வடிகட்டியை நீங்களே எழுதும்போது காரணமற்ற கருமை படர்ந்தால் முதலில் இங்கே தேடுங்கள். கணக்கைத் தொடங்கும் முன் அணியைத் தசம எண்ணாக மாற்றி, எல்லாம் முடிந்த பின் 0 க்கும் 255 க்கும் இடையில் வெட்டி, கடைசியாக எட்டு பிட்டுக்குத் திருப்புவதுதான் சரியான முறை.

கேன்வாஸின் பிக்சல் அணியோ 255 ஐத் தாண்டிய மதிப்பை 255 லேயே நிறுத்திவிடும். அதனால் ஒரே சூத்திரத்தைப் பைத்தானிலிருந்து உலாவிக்கு மாற்றும்போது துளைகள் மறைந்துபோகும், ஓவியத்தின் முகமே மாறிவிடும். அந்தத் துளைகள்தாம் உங்களுக்குப் பிடித்திருந்தன என்றால், எண் வகையின் இயல்பை நம்பியிருக்காமல் 256 ஆல் வகுத்து மீதி எடுக்கும் கணக்கை வெளிப்படையாக எழுதுங்கள். பின்னர் 256 என்பதை 180 ஆகவோ 90 ஆகவோ மாற்றி, உயரக்கோட்டு வரைபடம் போன்ற அடுக்குகளை நீங்கள் வேண்டும் இடத்தில் வரவழைக்கலாம்.

அறிகுறி: நகர்த்தச் சொன்ன பிக்சல்கள் நகராமல் கறைபோல் இழுபடுகின்றன

படிக்கும் அணியும் எழுதும் அணியும் ஒன்றாக இருப்பதே காரணம். ஒரு வரியில் 10, 20, 30, 40, 50 என்ற ஐந்து பிக்சல்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் தன் இடப்பக்கத்து மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று இடமிருந்து வலமாகச் சென்றால், இரண்டாவது பிக்சல் 10 ஆகிறது. மூன்றாவது தன் இடப்பக்கம் பார்க்கும்போது அங்கே இருந்த 20 அழிந்து 10 ஆகியிருக்கும். அதுவும் 10 ஆகிறது. முடிவில் வரி முழுவதும் 10. வலமிருந்து இடமாகச் சென்றால் இந்த ஒரு நகர்வு சரியாக வரும். ஆனால் ஒவ்வொரு பிக்சலும் வெவ்வேறு திசையில் நகரும் இடப்பெயர்ச்சி விளைவுகளுக்கு எந்தத் திசையும் உதவாது. மூலத்தைத் தனி அணியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து மட்டுமே படித்து, இன்னொரு அணியில் மட்டுமே எழுதுங்கள்.

நம்பையில் எச்சரிக்கை தேவை. அணியின் ஒரு பகுதியை வெட்டி வேறு பெயரில் வைத்துக்கொண்டால் அது தனி நகல் ஆகிவிடாது, பழைய அணியையே வேறு பெயரில் பார்ப்பதுதான். காப்பி என்ற கட்டளையைச் சேர்த்தால் மட்டுமே உண்மையான நகல் கிடைக்கும்.

இந்தக் கறையைப் பிழை என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஈரச் சாயத்தின் மேல் விரலை இழுத்ததுபோன்ற இத்தகைய கோடுகளை வேறு எந்த வடிகட்டியும் இவ்வளவு கூர்மையாகத் தருவதில்லை. இதை வசப்படுத்த, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பிக்சல்களுக்கு ஒருமுறை மூல அணியிலிருந்து புதிய மதிப்பை எடுங்கள். அந்த எண்ணிக்கையே கோட்டின் நீளம். அதை ஒரே எண்ணாக வைக்காமல் அந்த இடத்தின் பிரகாசத்தைப் பொறுத்து மாற்றினால், இருண்ட பகுதிகள் நீளமாகவும் வெளிச்சமானவை குட்டையாகவும் இழுபடும்.

அறிகுறி: பிக்சல் சார்ட்டிங் செய்த படத்தில் மூலத்தில் இல்லாத நிறங்கள் தோன்றுகின்றன

சார்ட்டிங் என்பது பிரகாசம் போன்ற ஓர் அளவின்படி பிக்சல்களை வரிசைப்படுத்தி இடம் மாற்றுவதே; புதிய நிறம் பிறக்க அங்கே வழியில்லை. ஆனாலும் பிறந்திருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று அலைவரிசைகளும் தனித்தனியே வரிசைப்பட்டுவிட்டன என்று பொருள். ஒரு பிக்சலின் சிவப்பு வேறொரு பிக்சலின் பச்சையோடு சேர்ந்துவிடுகிறது. நம்பையின் சார்ட் கட்டளையைக் கிடைவரிசையின் அச்சைக் குறிப்பிட்டு வண்ணப் படத்தின் மீது நேரடியாக அழைத்தால் இதுவே நிகழும். ஒவ்வொரு பிக்சலுக்கும் வரிசையை முடிவுசெய்யும் ஒரே ஒரு திறவு எண்ணைக் கணக்கிட்டு, ஆர்க்சார்ட் மூலம் அந்த எண்களின் வரிசையைப் பெற்று, அதன்படி முழுப் பிக்சல்களையும் அடுக்குங்கள்.

அறிகுறி: சார்ட்டிங் செய்த படம் உயிரற்ற பட்டைகளாகிவிட்டது, அல்லது பொரிபொரியாக இருக்கிறது

முழு வரியையும் ஒரே மூச்சில் அடுக்கினால் எந்தப் படமும் ஒரு பக்கம் இருட்டாகவும் மறுபக்கம் வெளிச்சமாகவும் வழுக்கிச் செல்லும் மங்கலான பட்டையாகிவிடும். மூலப் படத்தின் எலும்புக்கூடு முற்றிலும் கரைந்துவிடும். இந்த உத்தியைப் பரவலாக்கிய ஜெர்மானியக் கலைஞர் கிம் அசென்டோர்ஃப் பிராசஸிங்கில் எழுதி வெளியிட்ட நிரல், ஒரு வாசல் மதிப்பை, அதாவது நாம் வைக்கும் பிரகாச எல்லையை, கடக்கும் இடத்திலிருந்து மீண்டும் கடக்கும் இடம்வரை உள்ள துண்டை மட்டுமே அடுக்குகிறது. பொருள்களின் விளிம்புகள் நிலைத்து நிற்க, அவற்றினுள்ளிருந்து நிறம் வழிவதுபோன்ற தோற்றம் அந்த இடைவெளிகளாலேயே வருகிறது. வாசல் மதிப்பை ஊகித்து வைக்காதீர்கள். முதலில் எந்தப் பிரகாசத்தில் எத்தனை பிக்சல்கள் உள்ளன என்று காட்டும் பிரகாச வரைபடத்தைப் பாருங்கள். பிக்சல்கள் குவிந்துள்ள மேட்டின் சரிவில் வாசலை வைத்தால் துண்டுகள் பல நீளங்களில் அமையும்.

துண்டுக்குள் பொரிபொரியாக நிறங்கள் சிதறினால் திறவு எண்ணைச் சந்தேகியுங்கள். மூன்று அலைவரிசைகளின் சராசரியைத் திறவாக வைத்தால் தூய பச்சைக்கும் தூய நீலத்துக்கும் ஒரே மதிப்பு 85 கிடைக்கும். கண்ணுக்கோ பச்சை பல மடங்கு பிரகாசமானது. சிவப்புக்கு 0.2126, பச்சைக்கு 0.7152, நீலத்துக்கு 0.0722 என்ற எடைகளைப் பயன்படுத்தினால் கண் காணும் வரிசைக்கு நெருங்கி வரும்.

வண்ணச் சாயலைத் திறவாக வைக்கும்போது சிவப்பு மட்டும் இரண்டாகப் பிளந்து துண்டின் இரு முனைகளிலும் நிற்பதைக் காணலாம். சாயல் ஒரு வட்டம். 0 பாகையும் 360 பாகையும் ஒரே சிவப்புதான். எல்லாச் சாயல்களுடனும் ஒரு நிலையான கோணத்தைக் கூட்டி, உங்கள் படத்தில் இல்லாத நிறத்தின் மீது வெட்டு விழும்படி வட்டத்தைத் திருப்பிவிடுங்கள். சாம்பல் பிக்சல்களுக்குச் சாயலே கிடையாது. பெரும்பாலான நூலகங்கள் அவற்றுக்கு 0 என்று தருவதால் அவை சிவப்போடு போய்ச் சேரும். செறிவு மிகக் குறைந்த பிக்சல்களை அடுக்காமல் விட்டுவிடுவது நல்லது.

அறிகுறி: இரண்டு தூய நிறங்கள் சேரும் இடம் அழுக்காக இருள்கிறது

கோப்பில் உள்ள எண் ஒளியின் அளவைக் குறிப்பதில்லை. திரைகளில் வழக்கமான வண்ண முறையான எஸ்ஆர்ஜிபியில் 128 என்ற மதிப்பு முழு ஒளியில் ஏறத்தாழ 22 விழுக்காட்டை மட்டுமே தருகிறது. பாதி ஒளி வேண்டுமானால் மதிப்பு 188 ஆக இருக்க வேண்டும். சிவப்பையும் பச்சையையும் எண்களாகச் சராசரி எடுத்தால் 128, 128, 0 என்ற இருண்ட பாசி நிறம் வரும். முதலில் மதிப்புகளை நேர்கோட்டு ஒளிக்கு மாற்றி, சராசரி எடுத்து, பிறகு திருப்பினால் 188, 188, 0 என்ற தெளிந்த மஞ்சள் கிடைக்கும். தோராயமாக 2.2 அடுக்குக்கு உயர்த்துவதே இந்த மாற்றம். இதைத் தசம எண்ணில் செய்யாவிட்டால் இருண்ட நிறங்கள் படிப்படியாக உடைந்துவிடும். தெளிவு குறைத்தல், அளவு மாற்றுதல், ஒளிபுகும் அடுக்குகளைச் சேர்த்தல் ஆகிய மூன்றுக்கும் இது அவசியம் என்பது என் கருத்து. வாசல் மதிப்பு வைப்பதற்கும் சார்ட்டிங்குக்கும் கோப்பில் உள்ள எண்களே கண்ணுக்கு நெருக்கமாக இருப்பதால் அங்கே வேண்டியதில்லை.

அறிகுறி: மங்கி மறைய வேண்டிய சுவடுகள் சாம்பல் நிறப் பேய்களாகத் தங்கிவிடுகின்றன

ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளிபுகும் கறுப்புச் செவ்வகத்தை மேலே வரைந்து பழைய கோடுகளை மறையச் செய்யும் முறை எல்லோரும் கையாள்வது. செவ்வகத்தின் ஒளிபுகாமை 255 க்கு 10 என்று கொள்வோம். ஒவ்வொரு முறையும் பிக்சலின் மதிப்பு 245 ஆல் பெருக்கி 255 ஆல் வகுக்கப்படுகிறது. 200 என்பது 192 ஆகிறது, பின்னர் 184 ஆகிறது. எல்லாம் ஒழுங்காகக் குறைகிறது. ஆனால் மதிப்பு 12 ஐ அடைந்ததும் விடை 11.53 வருகிறது, அருகிலுள்ள முழு எண்ணாக்கினால் மீண்டும் 12. ஆயிரம் சட்டகங்கள் ஓடினாலும் அந்த 12 அசையாது. இருட்டறையில் நல்ல திரையில் பார்த்தால் இந்தச் சாம்பல் சுவடு தெளிவாகவே தெரியும்.

ஒளிபுகாமையைக் கூட்டினால் பேய் மங்கும், ஆனால் சுவடும் குட்டையாகிவிடும். பிரகாசத்தைத் தசம எண் அணியில் நீங்களே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சட்டகத்திலும் 0.96 ஆல் பெருக்கி, திரைக்கு அனுப்பும்போது மட்டும் முழு எண்ணாக்குவதே நிலையான தீர்வு. அதற்கு நேரமில்லையெனில் பெருக்குவதோடு 1 ஐக் கழிக்கவும் செய்யுங்கள். சுவடு நிச்சயம் பூச்சியத்தை அடையும்.

அறிகுறி: மென்மையான நிறச் சரிவில் பட்டைகள் தெரிகின்றன

1920 பிக்சல் அகலத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குச் செல்லும் சரிவில் 256 படிகளே உள்ளதால் ஒவ்வொரு படியும் 7.5 பிக்சல் அகலம் பெறும். இருண்ட இரு நிறங்களுக்கு இடையிலான சரிவில் இருபது படிகள்கூட இருக்காது, அப்போது ஒவ்வொரு பட்டையும் விரல் அகலத்துக்குத் தெரியும். தசம எண்ணில் கணக்கிட்டு, முழு எண்ணாக்குவதற்குச் சற்று முன் அரைப் படி அளவுக்கு மேலும் கீழுமாகச் சீரற்ற இரைச்சலைச் சேர்த்தால் பட்டைகள் கரைந்துவிடும். இரைச்சலையே கண்ணுக்குத் தெரியும் நெசவாக மாற்ற விரும்பினால், 1976 இல் ஃபிளாய்டும் ஸ்டைன்பெர்க்கும் வெளியிட்ட டிதரிங் (இடைநிறங்களைப் புள்ளிகளின் சிதறலாகக் காட்டும் உத்தி) முறையில், முழு எண்ணாக்கும்போது விடுபடும் பிழையை வலப்பக்கம் 7, கீழ் இடம் 3, நேர் கீழ் 5, கீழ் வலம் 1 என்று பதினாறில் பங்குகளாகப் பகிர்ந்தளியுங்கள். இங்கே எட்டு பிட் அணியை வைத்துக்கொண்டு பிழையைக் கூட்டினால் முன்பு சொன்ன கறுப்புத் துளைகள் திரும்ப வந்துவிடும். டிதரிங் எப்போதும் கடைசி வேலையாக இருக்கட்டும். அதன் பின் அளவை மாற்றினால் அலையலையான கோலங்கள் எழும். அளவை மாற்றியே ஆக வேண்டுமென்றால் இரண்டு, மூன்று என்ற முழு மடங்குகளில், அண்மைப் பிக்சல் முறையில் மட்டும் பெரிதாக்குங்கள்.

அறிகுறி: கோப்பின் பைட்டுகளைச் சிதைத்தபின் படம் திறப்பதே இல்லை

கோப்பின் பைட்டுகளை வேண்டுமென்றே சிதைக்கும் டேட்டாபெண்டிங் உத்தியைத் தொடங்குபவர் பிஎன்ஜி கோப்பைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றமே மிஞ்சும். அதன் ஒவ்வொரு பகுதிக்கும் சரிபார்ப்பு எண் உண்டு, உள்ளடக்கமும் சுருக்கப்பட்டது. ஒரு பைட்டைத் தொட்டாலும் பல நிரல்கள் மறுத்துவிடும். ஜேபெக் ஓரளவு தாங்கும், ஆனால் அதன் தலைப்பகுதியில் உள்ள அட்டவணைகளைத் தொடக்கூடாது. உடைந்த ஜேபெக்கை ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு விதமாகக் காட்டும் என்பதால், பிடித்த தோற்றம் கிடைத்தவுடன் அதைத் திரையிலிருந்தே படம்பிடித்துச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பயில்வதற்கு ஏற்றது சுருக்கப்படாத பிஎம்பி. வழக்கமான 24 பிட் பிஎம்பியில் முதல் 54 பைட்டுகள் தலைப்பகுதி. அவற்றைத் தொடாமல் அதற்குப் பின் எதை மாற்றினாலும் கோப்பு திறக்கும். ஒலித் திருத்தியில் இதைச் செய்பவர்கள் மூலத் தரவாக எட்டு பிட் குறியற்ற வகையில் இறக்குமதி செய்து, தொடக்கத்தைச் சற்று விட்டுவிட்டு எஞ்சியதன் மீது எதிரொலி போன்ற விளைவைச் சேர்த்து, அதே வகையில் தலைப்பகுதியற்ற தரவாகவே ஏற்றுமதி செய்ய வேண்டும். வேவ் கோப்பாகச் சேமித்தால் முன்னால் வேறொரு தலைப்பகுதி ஒட்டிக்கொண்டு படம் திறக்காது.

படம் திறக்கிறது, ஆனால் சாய்ந்து நிற்கிறது, நிறங்களும் வரிக்கு வரி மாறுகின்றன என்றால், பைட்டுகளின் எண்ணிக்கை வழியில் மாறிவிட்டது. உரைத் திருத்தியில் திறந்து சேமித்தால் வரிமுறிவுகள் மாறி இப்படி ஆகும். நீங்களே பிஎம்பியைப் படிக்கும் நிரலை எழுதியிருந்தால் வேறொரு காரணம் இருக்கலாம்: ஒவ்வொரு வரியும் நான்கின் மடங்கான பைட்டுகளில் முடிய வேண்டும். 1001 பிக்சல் அகலமுள்ள வரிக்கு 3003 பைட்டுகள் போதும் என்றாலும் கோப்பில் 3004 இருக்கும். அந்த ஒரு பைட்டை மறந்தால் வரிக்கு ஒரு பைட் வீதம் படம் விலகிச் சாயும். சிவப்பு, பச்சை, நீலமும் தம் இடங்களைச் சுற்றி வரும். அந்தச் சாய்வு வேண்டுமென்றால் அகலத்தை வேண்டுமென்றே ஒன்று தவறாகக் கொடுத்தால் போதும். படம் தலைகீழாக இருந்தால் அது பிழையே அல்ல. பிஎம்பி வழக்கமாகக் கீழ் வரியிலிருந்தே எழுதப்படுகிறது.

அறிகுறி: சேமித்த படத்தில் ஒற்றைப் பிக்சல் நிறங்கள் மங்கிவிட்டன

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறது; பெரும்பாலான அமைப்புகளில் நிறத் தகவலை அகலத்திலும் உயரத்திலும் பாதியாக்கியும் விடுகிறது. ஒரு பிக்சல் அகலமுள்ள சிவப்புக் கோடு அதில் பிழைப்பதில்லை. இடைநிலைகளையும் இறுதிப் படத்தையும் பிஎன்ஜியிலேயே வைத்திருங்கள்.

அறிகுறி: நேற்று வந்த படம் இன்று வரவில்லை

நிரல் மாறாமலே முடிவு மாறினால் சீரற்ற எண்களின் விதையை, அதாவது அவற்றின் வரிசையைத் தீர்மானிக்கும் தொடக்க எண்ணை, நீங்கள் அமைக்கவில்லை. பிராசஸிங்கில் ரேண்டம்சீட் ஒன்று, நாய்ஸ்சீட் இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே அமைக்க வேண்டும். ஓட்டத்தின் தொடக்கத்தில் ஒரு விதை எண்ணைத் தேர்ந்து, அதையும் வாசல் மதிப்புகளையும் சேமிக்கும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடும் நான்கு வரிகளை நிரலில் சேர்த்துக்கொள்ளுங்கள். விதை இல்லாமல் ஏற்கெனவே கிடைத்துவிட்ட நல்ல படத்தை அதே வடிவில் திரும்பப் பெற வழியில்லை. இருக்கும் கோப்பைச் சுருக்காமல் காப்பாற்றிக்கொண்டு, புதிய விதைகளோடு ஓட்டிப் பார்க்கத் தொடங்குங்கள்.